தீப்பெட்டி பிறந்த நாட்டில்

முன்னாள் மாணவி, வேதியியல் துறை



"வெளிநாட்டில் இருக்கிறாயே அம்மா, அந்த அனுபவத்தை நம் ஆண்டு மலருக்கு எழுதிக் கொடு" என்று என் பேராசிரியர் கேட்டபோது முதலில் தயங்கினேன். வெளிநாடு என்றவுடன் வானளாவிய கட்டடம், வழவழப்பான சாலை, கை நிறையச் சம்பளம் ஆகிய மூன்றைத்தான் பலரும் எதிர்பார்க்கிறார்கள். எனக்குக் கிடைத்தவையோ வரிசைச் சீட்டு, துணி துவைக்கும் அறையின் சாவி, இருமுறை தோற்றுப் பெற்ற ஓர் ஓட்டுநர் உரிமம் ஆகிய மூன்றுதான். இருப்பினும் நாளை உங்களில் சிலர் கடல் கடந்து செல்லக்கூடும். செல்லாதவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு என்ற நம்பிக்கையில் எழுதத் துணிந்தேன்.

நான் திருத்தங்கலில் பிறந்தவள். நின்ற நாராயணப் பெருமாள் கோயில் குன்றைப் பார்த்தே வளர்ந்தவள். அம்மா வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஒட்டினார். அப்பா தீப்பெட்டிப் பண்டல்களை ஏற்றிச் செல்லும் சிறிய சரக்கு வண்டி ஓட்டுகிறார். 'குட்டியானை' என்று நாம் அழைப்போமே, அந்த வண்டிதான். நம் கல்லூரியில் வேதியியல் பட்டம் பெற்ற பின் எனக்குத் திருமணம் ஆயிற்று. 2022 செப்டம்பரில், என் கணவர் கணிப்பொறிப் பணியாற்றும் சுவீடன் நாட்டின் யோன்ஷோப்பிங் நகருக்குச் சென்றேன்.

பழைய உறவு

யோன்ஷோப்பிங் என்ற பெயரை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் வெட்டர்ன் என்னும் பெரிய ஏரியின் கரையில் அமைந்த அந்த ஊருக்கும் நம் ஊருக்கும் உறவு உண்டு என்பதைச் சென்ற முதல் வாரத்திலேயே அறிந்துகொண்டேன். அங்கே தீப்பெட்டிக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

பண்டைய தீக்குச்சிகளின் தலையில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும். அதைச் செய்த தொழிலாளர்களின் தாடை எலும்பு நச்சால் அரித்துப் போகும். 1844-ஆம் ஆண்டில் குஸ்தாவ் எரிக் பாஷ் என்னும் சுவீடன் வேதியியலாளர், பாஸ்பரசைக் குச்சியின் தலையிலிருந்து பிரித்துப் பெட்டியின் பக்கவாட்டில் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். குச்சியும் பெட்டியும் சேர்ந்தால்தான் தீ, பிரிந்திருந்தால் அமைதி. யோன்ஷோப்பிங்கைச் சேர்ந்த லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் இம்முறையைச் செம்மைப்படுத்திப் பெருந்தொழிலாக்கினர். 1855-இல் பாரீசு கண்காட்சியில் அதற்குப் பரிசும் பெற்றனர். பின்னாளில் சுவீடன் தீப்பெட்டி உலகெங்கும் பரவியது. 1923-இல் சுவீடன் நாட்டினரின் முதலீட்டில் 'விம்கோ' நிறுவனம் இந்தியாவில் தொடங்கப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதன் பின் நடந்த வரலாற்றை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அருங்காட்சியகத்தில் பெட்டி ஒட்டும் பெண்களின் பழைய படம் ஒன்றைப் பார்த்தேன். உடையும் நிறமும் வேறு. குனிந்த கழுத்தும் விரலின் வேகமும் என் அம்மாவுடையவை. அன்று முதல் அந்த ஊர் எனக்கு முழு அயலூராகத் தோன்றவில்லை.

எண் இல்லையேல் ஆள் இல்லை

ஓராண்டுக்குக் குறையாமல் தங்க வருகிறவர்கள் முதலில் வரித்துறை அலுவலகம் சென்று மக்கள் பதிவேட்டில் பெயரைச் சேர்க்க வேண்டும். அப்போது ஒரு தனியாள் எண் கொடுப்பார்கள். பிறந்த ஆண்டு, மாதம், நாள், அவற்றோடு இன்னும் நான்கு இலக்கங்கள். 1947-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு இது. மருத்துவமனை, நூலகம், வங்கி, தொலைபேசி இணைப்பு என எங்கே போனாலும் முதல் கேள்வி இந்த எண்தான்.

எனக்கு அது வந்து சேரச் சில வாரங்கள் ஆயின. அதுவரை நான் இருந்தும் இல்லாதவள். எண் வந்த பின்னும் அடையாள அட்டை வேண்டும்; அட்டை வந்த பின் வங்கிக் கணக்கு வேண்டும்; கணக்கு வந்த பின் கைப்பேசியில் இயங்கும் 'பாங்க் ஐடி' என்னும் மின் கையொப்பம் வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்று முன்படி. ஒரு படியைத் தாண்டி அடுத்த படியில் கால் வைக்க முடியாது. ஆனால் எல்லாம் கைக்கு வந்த பின் அலுவலகப் படியையே மிதிக்க வேண்டியதில்லை. வீட்டில் உட்கார்ந்தபடியே பெரும்பாலான வேலைகள் முடிந்துவிடும். இடையில் யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது.

அலுவலகத்திலும் மருந்துக் கடையிலும் நுழைந்தவுடன் ஒரு சிறு சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் உள்ள எண் பலகையில் ஒளிரும் வரை காத்திருக்க வேண்டும். முதியவர் வந்தாலும், கோட்டு அணிந்தவர் வந்தாலும், நேற்று வந்த நான் வந்தாலும் சீட்டு ஒன்றுதான்.

மரியாதையும் தனிமையும்

நம் மொழியில் 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு உயிர்நாடி போன்றது. சுவீடனிலும் முன்பு பதவியையும் பட்டத்தையும் சொல்லியே ஒருவரை விளிப்பார்கள். 1967-இல் மருத்துவத் துறைத் தலைமை அலுவலகத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற புரோர் ரெக்ஸெட் என்பவர், தம் அலுவலகத்தில் எல்லாரையும் 'டூ', அதாவது 'நீ', என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். அக்காலத்தில் பரவிவந்த அவ்வழக்கம் அதன் பின் நாடெங்கும் நிலைபெற்றது. மொழி வகுப்பில் எழுபது வயது ஆசிரியையை 'நீ' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பல வாரங்கள் பெயரும் சொல்லாமல், 'நீ'யும் சொல்லாமல், தொண்டையைச் செருமியே காலத்தை ஓட்டினேன்.

புதிதாகக் குடியேறியவர்களுக்குச் சுவீடிய மொழியை நகராட்சியே கட்டணமின்றிக் கற்பிக்கிறது. சிரியா, சோமாலியா, உக்ரைன், தாய்லாந்து எனப் பல நாட்டவர் என் வகுப்பில் இருந்தனர். எல்லாரும் தப்பும் தவறுமாகப் பேசியதால் யாருக்கும் வெட்கமில்லை. மொழி கற்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல சூழல் கிடையாது.

வீட்டுக்குள் நுழையும்போது அவர்களும் செருப்பைக் கழற்றுகிறார்கள். அதைக் கண்டு மகிழ்ந்தேன். ஆனால் அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டிக் குழம்பு கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. மாடிக் குடியிருப்புகளில் துணி துவைக்கப் பொதுவான ஓர் அறை இருக்கும். நேரம் பதிவு செய்துகொண்டு போக வேண்டும். ஒருநாள் என் நேரம் முடிந்து பத்து நிமிடம் கழித்துத் துணியை எடுத்தேன். மறுநாள் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கையெழுத்தில்லை, வசவில்லை. 'ஏழு மணி என்றால் ஏழு மணி' என்பதே அதன் பொருள். நேரில் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திராது. நம் தெருவில் சண்டையும் உண்டு, சண்டை முடிந்த பின் பலகாரமும் உண்டு. அங்கே இரண்டும் இல்லை.

டிசம்பர் மாதத்தில் காலை எட்டே முக்காலுக்கு விடிந்து, பிற்பகல் மூன்றரைக்குள் இருட்டிவிடும். வெயிலுக்கு ஒதுங்கியே பழகிய நம் கரிசல்காட்டு உடம்பு, வெயிலைத் தேடி சன்னலருகே நாற்காலி போட்டு உட்காரும் விந்தையை அங்கேதான் கண்டேன்.

உரிமம் ஏன் தேவைப்பட்டது?

இனி ஓட்டுநர் உரிமத்துக்கு வருகிறேன்.

மொழி ஓரளவு வந்த பின் வேலை தேடினேன். முதியோர் இல்லங்களுக்குச் சென்று மருந்து கொடுத்தல், உணவு சூடாக்கித் தருதல், குளிக்க உதவுதல் ஆகியவற்றைச் செய்யும் 'வீட்டு உதவிப் பணி'க்கு ஆள் தேவை என்று கண்டேன். நகராட்சி அளிக்கும் அந்தச் சேவையால்தான் தொண்ணூறு வயதிலும் பலர் தம் சொந்த வீட்டில் தனியே வாழ்கிறார்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நேர்முகத்தில் எல்லாம் சரியாகப் போயிற்று. கடைசிக் கேள்வி: "ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா?" பனியிலும் இருட்டிலும் வீடு வீடாகச் செல்ல நகராட்சியின் சிறு கார் தருவார்கள். அதை ஓட்டத் தெரிய வேண்டும்.

என்னிடம் இந்திய உரிமம் இருந்தது. ஆனால் அதை வைத்து மக்கள் பதிவேட்டில் சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு வரைதான் அங்கே ஓட்டலாம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியைச் சேர்ந்தவர்களும் வேறு சில நாட்டவரும் தம் உரிமத்தைக் கொடுத்துச் சுவீடன் உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். இந்திய உரிமத்துக்கு அந்த வசதி இல்லை. பத்தாண்டு ஓட்டியவராக இருந்தாலும் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கோ அந்த ஓராண்டு முடிய நான்கே மாதங்கள் இருந்தன.

செய்தியை அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "என்னம்மா இது! நம்ம வெம்பக்கோட்டை ரோட்டுல குட்டியானை ஓட்டுன பிள்ளைக்கு எந்த ஊர்லயும் ஓட்ட வரும். சும்மா போய் ஓட்டிக் காட்டிட்டு வா" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உரிமம் பெறும் முறை

நான் கடந்து வந்த படிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, கற்பதற்கான அனுமதி. போக்குவரத்து வாரியத்துக்கு விண்ணப்பித்து, உடல்நலம் பற்றிய உறுதிமொழியும் கண்ணாடிக் கடையில் செய்த கண் பரிசோதனையும் தர வேண்டும்.

இரண்டாவது, பயிற்சி. ஓட்டுநர் பள்ளியில் கற்கலாம். அதற்குக் கட்டணம் அதிகம். அல்லது தெரிந்தவர் ஒருவரைத் துணையாகக் கொண்டு சொந்த வண்டியில் பழகலாம். அந்தத் துணைவருக்கு 24 வயது நிரம்பியிருக்க வேண்டும். கடந்த பத்தாண்டுகளில் ஐந்தாண்டுகளேனும் செல்லத்தக்க உரிமம் வைத்திருந்திருக்க வேண்டும். கற்பவர், கற்பிப்பவர் இருவரும் ஓர் அறிமுக வகுப்புக்குப் போக வேண்டும். வண்டியின் பின்புறம் 'பயிற்சி ஓட்டம்' என்ற பச்சைப் பலகை மாட்ட வேண்டும்.

என் கணவரும் என்னைப் போலவே புதியவர். அவருக்கு அந்தத் தகுதி இல்லை. இலங்கைப் போர்ச் சூழலில் 1980-களில் யாழ்ப்பாணத்திலிருந்து அந்நாட்டில் தஞ்சம் புகுந்த ஓர் அக்கா எங்கள் தெருவில் இருந்தார். கேட்டவுடன், "ஓம் பிள்ளை, நான் வாறன்" என்று உடன்பட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் தம் காரைக் கொண்டு வந்து என்னருகே அமர்ந்தார். "அவசரப்படாதை பிள்ளை. வலப்பக்கம் பார்த்தனியோ?" என்ற அவருடைய குரல் இன்றும் வண்டியில் ஏறினால் என் காதில் ஒலிக்கிறது. அவர் செய்த உதவிக்கு ஈடாக நான் கொடுக்க முடிந்தது சீரணி மிட்டாய் ஒரு பொட்டலம்தான்.

மூன்றாவது, இடர் பற்றிய இரண்டு வகுப்புகள். முதல் வகுப்பு மது, போதைப்பொருள், தூக்கமின்மை, அவசரம் ஆகியவை பற்றியது. இரத்தத்தில் ஆயிரத்தில் 0.2 பங்கு மது இருந்தாலே அங்கே குற்றம். இரண்டாம் வகுப்பு வழுக்குத் தளத்தில் நடக்கும். பனிக்கட்டி போல் வழுக்கும் தடத்தில் காரை ஓட்டச் சொல்லித் திடீரென்று நிறுத்தச் சொல்வார்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வண்டி நின்றது. 50-இல் கால் முழுவதையும் தடையில் ஊன்றியும், வழியில் வைத்திருந்த அடையாளக் கூம்புகளைத் தட்டிக்கொண்டு போய்த்தான் நின்றது. "வேகம் இரு மடங்கானால் தடை போட்ட பின் ஓடும் தொலைவு நான்கு மடங்கு" என்று பள்ளி இயற்பியலில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அன்றுதான் அந்தச் சூத்திரம் என் காலுக்குப் புரிந்தது.

நான்காவது, அறிவுத் தேர்வு. கணிப்பொறியில் 50 நிமிடத்தில் 70 கேள்விகள். அவற்றுள் 65 மட்டுமே கணக்கில் சேரும். மற்ற ஐந்தும் சோதனைக் கேள்விகள், எவையென்று நமக்குத் தெரியாது. 52 சரியாக இருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் எழுதலாம். சாலைக் குறிகள் மட்டுமல்ல. சக்கரத்தின் தேய்மானம், புகையால் வரும் கேடு, காட்டுமான் குறுக்கே வந்தால் என்ன செய்வது என்பன வரை கேட்கிறார்கள். குருட்டு மனப்பாடம் அங்கே உதவாது. நான் 58 பெற்றுத் தேறினேன்.

ஐந்தாவது, ஓட்டுத் தேர்வு. அங்கேதான் என் கதை தொடங்குகிறது.

இருமுறை தோற்றேன்

நம் ஊரில் நான் எட்டுப் போட்டு இருசக்கர உரிமம் வாங்கினேன். காரைச் சற்று முன்னும் பின்னும் ஓட்டிக் கார் உரிமமும் வாங்கினேன். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அங்கேயோ அதிகாரி அருகில் அமர்ந்து, நகரத் தெரு, நெடுஞ்சாலை, வட்டச் சந்திப்பு என அரை மணி நேரம் போல் உண்மையான போக்குவரத்தில் ஓட்டச் செய்கிறார். வண்டியை எடுக்குமுன் விளக்கு, சக்கரம், தடை ஆகியவற்றை எப்படிச் சோதிப்பது என்று கேட்கிறார். அதட்டவில்லை; சிரிக்கவுமில்லை.

முதல் தேர்வில் ஒரு குடியிருப்புத் தெருவில் நேரே சென்றுகொண்டிருந்தேன். வலப்புறம் ஒரு சிறு சந்து வந்து சேர்ந்தது. குறியேதும் இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கே முன்னுரிமை என்பது அந்நாட்டு விதி. சந்து எவ்வளவு சிறியதாயினும் சரி. நான் வேகம் குறைக்கவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. அங்கே எந்த வண்டியும் இல்லை. தோல்வி என்று அதிகாரி சொன்னபோது, "ஒருவரும் வரவில்லையே?" என்று கேட்டேன். "வராதது உன் திறமையால் அல்ல" என்றார்.

இரண்டாம் முறை வலப்பக்கம் பார்த்துப் பார்த்தே கழுத்து வலித்தது. இம்முறை நடைபாதை ஓரத்தில் ஒரு முதியவர் கைத்தடியுடன் நின்றார். அவருக்கு முன்னால் வரிக்குதிரைக் கோடுகள். அவர் அசையவில்லை. அவர் நின்றுவிட்டார் என்று எண்ணி நான் மெதுவாகக் கடந்துவிட்டேன். நம் ஊர் வழக்கம் அதுதானே? வண்டியைக் கண்டால் மனிதன் நிற்பான். விளக்கில்லாத அத்தகைய கடவையில் கால் வைத்தவருக்கு மட்டுமன்றி, வைக்கப் போகிறவருக்கும் வண்டி நின்று வழிவிட வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே சட்டம். தேர்வு முடிந்தது. அதிகாரி குறிப்பேட்டை மூடிவிட்டு, "அவர் நிற்பார் என்பது உன் எண்ணம். நீ நிற்பாய் என்பது அவருடைய உரிமை" என்றார்.

அன்று வீடு வந்து அழுதேன். கட்டணம் போயிற்று, வேலையும் கைநழுவும் போலிருந்தது. அதைவிட, 'எனக்கு ஓட்டத் தெரியும்' என்ற என் நினைப்பு உடைந்தது. எனக்குத் தெரிந்தது வண்டியை நகர்த்த மட்டுமே. மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டதால்தான் நான் இத்தனை நாள் நன்றாக ஓட்டுகிறவளாக இருந்திருக்கிறேன்.

நாடே தடம் மாறிய நாள்

அக்கா என்னைத் தேற்றினார். "ஒரு நாடே ஒரு காலைக்குள்ளை பழகினது. உன்னாலை ஏலாதோ?" என்று கேட்டார். அவர் குறிப்பிட்ட வரலாறு சுவையானது.

நம்மைப் போலவே சுவீடனும் ஒரு காலத்தில் இடப்பக்கமே ஓட்டியது. அண்டை நாடுகளான நார்வேயும் பின்லாந்தும் வலப்பக்கம் ஓட்டின. அது மட்டுமன்று; சுவீடனில் ஓடிய பெரும்பாலான கார்களில் திருப்பு சக்கரம் ஏற்கெனவே இடப்புறத்தில் இருந்தது. 1955-இல் மக்களிடம் வாக்கெடுத்தபோது நூற்றுக்கு 83 பேர் மாற்றம் வேண்டாம் என்றனர். ஆயினும் 1963-இல் நாடாளுமன்றம் மாற்றத்தை முடிவு செய்தது. 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. அதிகாலை 4.50-க்குச் சாலையில் இருந்த வண்டிகள் எல்லாம் நின்றன. மெல்ல வலப்பக்கத்துக்கு மாறி, 5 மணிக்கு மீண்டும் புறப்பட்டன. நான்காண்டு ஆயத்தம், பத்து நிமிட மாற்றம்.

மூன்றாம் தேர்வுக்கு முன் இரண்டு மாதம் பழகினேன். கோடுகளைக் கண்டால் கால் தானாகவே தடைக்குச் செல்லும் வரை பழகினேன். 2024 ஏப்ரலில் தேர்வு எழுதிய அன்று மாலை, தேறிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. வேலையும் கிடைத்தது. நான் உதவிக்குச் செல்லும் மூதாட்டி ஒருவர், 1967-இல் தடம் மாறிய அந்த விடியலைத் தம் தந்தையின் தோளில் அமர்ந்து பார்த்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறார்.

விதி என்னும் சொல்

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நம் மொழியில் 'விதி' என்ற சொல்லுக்கு இரு பொருள். ஒன்று சட்டம், மற்றொன்று தலையெழுத்து. நாம் இரண்டாவதையே அதிகம் நம்புகிறோம்.

நான் பள்ளியில் படித்தபோது எங்கள் தெருவில் ஓர் அத்தை இருந்தார். பட்டாசு ஆலை ஒன்றில் நடந்த வெடிவிபத்தில் அவர் இறந்தார். காலையில் என் தலையைப் பின்னிவிட்டுச் சென்றவர். அன்று தெருவே கூடி அழுதது. பெரியவர்கள் சொன்னது ஒரே வாக்கியம்: "எல்லாம் விதி." ஓர் அறைக்குள் இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம் என்ற விதி நம் ஊரிலும் எழுதப்பட்டே இருக்கிறது. அன்று அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விதி மீறப்பட்டதா, விதி முடிந்ததா என்று தெரிந்திருக்கும்.

1997-இல் சுவீடன் நாடாளுமன்றம் 'சுழிய நோக்கு' என்ற கொள்கையை ஏற்றது. சாலையில் ஒருவர்கூட உயிரிழக்கவோ கடுங்காயம் அடையவோ கூடாது என்பதே அதன் குறிக்கோள். மனிதன் தவறு செய்யத்தான் செய்வான். அந்தத் தவறுக்கு உயிர் விலையாகாதபடி சாலையையும் வண்டியையும் அமைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. எதிரெதிர் வண்டிகள் மோதாதிருக்க நடுவில் கம்பி வேலி. சந்திப்புகளில் வேகத்தைத் தானே குறைக்கும் வட்டங்கள். பள்ளிப் பகுதியில் 30 கி.மீ. இன்று உலகெங்கும் கார்களில் உள்ள மும்முனை இருக்கைப் பட்டையை 1959-இல் அமைத்துத் தந்தவரும் ஒரு சுவீடன் பொறியாளரே. நில்ஸ் பூலின் என்பது அவர் பெயர்.

பயன் என்ன? 1970 வாக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,300 பேரைச் சாலையில் இழந்த அந்நாடு, வண்டிகள் பன்மடங்கு பெருகிய பின்னும், 2022-இல் 230-க்கும் குறைவானவர்களையே இழந்தது. அதே ஆண்டில் இந்தியாவில் இறந்தோர் 1,68,491 பேர். மக்கள்தொகையை ஒப்பிட்டாலும் நம் இழப்பு அவர்களுடையதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். அவர்கள் தலையில் நல்லெழுத்தும் நம் தலையில் தீயெழுத்தும் எழுதிய கடவுள் யாருமில்லை.

அந்நாட்டில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. தனிமை உண்டு. அயலாரின் பெயரைக் கண்டவுடன் விண்ணப்பத்தை ஒதுக்கும் இடங்களும் உண்டு. ஆயினும் ஒன்று. நம் ஊர்ச் சரக்கான குச்சிவாணத்தைக்கூட 2019 சூன் முதல் பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்கள்தாம் அங்கே விட முடியும். புத்தாண்டு இரவில் அதைப் பற்றி அறிந்தபோது முதலில் நம் வியாபாரத்தை நினைத்து வருந்தினேன். பிறகு அத்தையை நினைத்துக்கொண்டேன்.

முடிவாக

கடல் கடந்து செல்லப் போகும் தம்பி தங்கையருக்குச் சில சொற்கள். சான்றிதழ்களை ஆங்கிலத்தில் முறையாகப் பெற்றுச் செல்லுங்கள். அந்நாட்டு மொழியை முதல் மாதமே தொடங்குங்கள். ஓட்டுநர் உரிமத்துக்கு ஓராண்டு இருக்கிறதே என்று என்னைப்போல் காத்திராதீர்கள். தோல்வியைக் கண்டு நாணாதீர்கள்; எதில் தோற்றோம் என்று கேட்டறியுங்கள்.

சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். அப்பாவின் வண்டியில் அருகே அமர்ந்து சென்றேன். நான் சொல்லாமலே இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டார். தொலைபேசியில் நான் சொன்ன கதைகளின் விளைவு அது. ஒரு பள்ளியின் முன் அழிந்துபோன வெள்ளைக் கோடுகள். ஓரத்தில் நான்கைந்து சிறுவர் சிறுமியர். அப்பா வண்டியை நிறுத்தினார். பின்னால் ஒலிப்பான்கள் அலறின.

பிள்ளைகள் கடக்கவில்லை. ஏன் இந்த வண்டி நின்றது என்று புரியாமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்காக ஒரு வண்டி நின்று அவர்கள் பார்த்ததில்லை போலும். அப்பா கையை வெளியே நீட்டி, "போங்கய்யா, போங்கம்மா, உங்களுக்குத்தான்" என்றார். கடைசிச் சிறுமி நடுச்சாலையில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஓடினாள்.

நம் சாலையிலும் நிற்க முடிகிறது. அதற்கு எந்த நாட்டின் உரிமமும் தேவைப்படவில்லை.